திரையில் 46: ரெட் லேக்குக்கு வடக்கே நடந்த ஒரு விபத்தின் ஆய்வு

கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக 18 ஆண்டு வேலை. சாரத்தில் ஒருவன் கால் வழுக்கினாலும், கிரேன் கொக்கி ஒருவன் தலைக்கு ஒரு முழம் மேலே போனாலும் அன்று மாலைக்குள் அறிக்கை எழுதியாக வேண்டும். அடிபட்டால்தான் என்றில்லை, அடிபட இருந்து தப்பியதற்கும் அறிக்கை உண்டு. 'நியர் மிஸ்' என்போம். இதுவரை எத்தனையோ பேரைப் பற்றி எழுதியாயிற்று. சொந்த நண்பர்களைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. மூவரிடமும் கேட்டேன். பெயர் போடாதே என்றார்கள், அவ்வளவுதான்.

நடந்தது இது. மே மாதக் கடைசி வாரம். கனடாவின் வடமேற்கு ஒன்டாரியோவில் சாலை போகாத ஓர் ஏரி. 57 வயது நண்பர் மீனைப் படகில் ஏற்ற எழுந்து நின்றபோது தண்ணீரில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. தண்ணீர் 8 டிகிரி செல்சியஸ். 11 நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தார். பிழைத்தார், நிலையான பாதிப்பு எதுவும் இல்லை. பட்டறை அறிக்கையாக இருந்தால் முதல் பத்தி இத்துடன் முடிந்திருக்கும்.

நால்வர்

விழுந்தவரை அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன். வேறு எப்படியும் அழைத்துப் பழக்கமில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு 14 வயதில் சிங்கப்பூரில் பிடோக் ஜெட்டியில் தூண்டில் முள்ளில் நரம்பைக் கட்டக் கற்றுக்கொடுத்தவர். ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்து நீச்சல் குளத்தில் 40 சுற்று நீந்துவார். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

அடுத்தவன் மாப்பிள்ளை. யார் வீட்டுக்கும் மாப்பிள்ளை இல்லை, பள்ளியில் ஒட்டிக்கொண்ட பெயர். பஸ் ஓட்டுகிறான். கடைசி ஆள் தம்பி, 26 வயது. தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் மருத்துவ உதவியாளராக முடித்தவன். நான்காவது நான்.

சனிக்கிழமை விடியலில் நாங்கள் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்திலோ பிடோக் நீர்த்தேக்கத்திலோ இருப்போம். நீர்த்தேக்கங்களில் குறித்த இடத்தில் மட்டும்தான் தூண்டில் போடலாம், அதுவும் செயற்கை இரை மட்டும். பீக்காக் பாஸ் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் தோமான். எல்லாம் கரையில் நின்றபடிதான். கடலுக்குப் போனால் கேலோங், கடலில் கட்டிய மீன்பிடி மேடை. அங்கே லைஃப் ஜாக்கெட் ஆணியில் தொங்கும், யாரும் தொட மாட்டார்கள். தவறி விழுந்தாலும் சிரித்துக்கொண்டே ஏறி வரலாம். நம்மூர்க் கடல் வருடம் முழுக்க 28, 30 டிகிரியில் வெதுவெதுவென்று கிடக்கிறது. நாங்கள் நால்வரும் தண்ணீர் என்று தெரிந்து வைத்திருந்தது அதைத்தான்.

விமானத்தில் ஏறி ஏரிக்குப் போய் மீன் பிடிக்கும் யோசனை அண்ணனுடையது. இரண்டு வருடம் பணம் சேர்த்தோம். வசந்தத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வட்டாரத்தில் ஏரிகளின் பனி ஏப்ரல் கடைசி, மே நடு வாக்கில் உடைகிறது. வால்ஐ மீன் முட்டையிடுவது தண்ணீர் 6 முதல் 9 டிகிரி வரை இருக்கும்போது, ஆறு வந்து விழும் கற்படுகைகளில். மே மூன்றாம் சனிக்கிழமை வால்ஐ பருவம் திறக்கும்போது முட்டையிட்டுக் களைத்த மீன்கள் ஆற்று வாயை விட்டு நகராமல் பசியோடு கூடியிருக்கும். ஏரியைத் தெரியாதவனும் மீன் பிடிக்கக்கூடிய மூன்று வாரம் அது. தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருப்பதால்தான் மீன் அங்கே நிற்கிறது. இந்தக் கணக்கை இரண்டு வருடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த 6, 9 என்ற எண்கள் எங்கள் உடம்புக்கும் பொருந்தும் என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

விமானத்துக்கு முன்

வின்னிபெக்கில் இறங்கி வாடகை வண்டியில் கெனோரா வழியாக ரெட் லேக் போனோம். 105ஆம் நெடுஞ்சாலை அந்த ஊரில் போய் முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே இருக்கும் பல பழங்குடி ஊர்களுக்கு மிதவை விமானமும் சிறு விமானமும்தான் பஸ். 1926இல் தங்கம் தேடி ஆட்கள் குவிந்த காலத்திலிருந்தே விமானத்தை நம்பி வாழும் ஊர்.

எங்களுக்கு வந்தது டி ஹேவிலண்ட் பீவர். 1947இல் முதலில் பறந்த ரகம், 1967க்குப் பிறகு தயாரிப்பு நின்றுவிட்டது. இன்னும் ஓடுகிறது. முன்னால் வட்டமாக உட்கார்ந்திருக்கும் 450 குதிரைத்திறன் எஞ்சின் முதலில் இருமி, பிறகு கரும்புகை விட்டு, பிறகுதான் பிடிக்கிறது. விமானி ஒரு பெண். தம்பி வயதுதான் இருக்கும். மிதவை மேடையில் தராசு வைத்துப் பையையும் எங்களையும் நிறுத்தாள். ஆறு கிலோ கூடுதல். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த அரிசி மூட்டையைக் காட்டி, இது இங்கேயே இருக்கட்டும், நாளை சாமான் கொண்டுவரும் விமானத்தில் வரும் என்றாள். அண்ணன் வாய் திறக்கவில்லை. பிறகு ஆளுக்கு ஒரு பை கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னாள், உள்ளே காற்றடைக்கும் மிதவை. விமானம் தண்ணீரில் கவிழ்ந்தால் வெளியே வந்த பிறகுதான் நூலை இழுக்க வேண்டும், உள்ளேயே ஊதிவிட்டால் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாது என்று சொல்லி, ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். அண்ணனும் பள்ளிப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னார்.

40 நிமிடம் பறந்தோம். எல்லோர் இடுப்பிலும் மிதவை. இறங்கியதும் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டோம். பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் படகுகளைக் காட்டி, கயிறு எங்கே, துடுப்பு எங்கே, எஞ்சினை நிறுத்தும் சாவிக்கயிறு எங்கே என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். வாடகைப் படகுக்கு அங்கே அது முறை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் கொடுத்தார். சட்டப்படி படகில் ஆளுக்கொன்று இருந்தால் போதும், பெரியவர்கள் போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவர் போடச் சொன்னார், தலையாட்டினோம். விமானம் கிளம்பிப் போயிற்று.

விமானச் சத்தம் மலைக்குப் பின்னால் அடங்கியதும் வந்த அமைதி பற்றித் தனியே எழுதலாம். அது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

இரண்டு நல்ல நாட்கள்

இரண்டு அலுமினியப் படகு, 16 அடி, 9.9 குதிரைத்திறன் எஞ்சின். ஒன்றில் அண்ணனும் தம்பியும், மற்றதில் மாப்பிள்ளையும் நானும். ஏரியின் வடகோடியில் ஆறு வந்து விழும் இடத்தில் நங்கூரம் போட்டு, கால் அவுன்ஸ் ஜிக்கில், அதாவது ஈயத் தலை வைத்த முள்ளில், மஞ்சள் பச்சை ரப்பர் வாலை மாட்டித் தரையில் தட்டித் தட்டி இழுத்தால் மூன்றாவது தட்டில் நரம்பு கனக்கும். இழுப்பே இல்லை, ஈரத் துணி மாட்டியது போல் ஒரு கனம். அதுதான் வால்ஐ. மேலே வந்ததும் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உள்ளே இருப்பதால் பூனைக் கண் போலப் பளபளக்கும். மங்கலான வெளிச்சத்தில் வேட்டையாடப் பிறந்த மீன்.

உரிமத்தின்படி ஆளுக்கு நான்கு வால்ஐ வைத்துக்கொள்ளலாம். அதில் 46 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றுதான். அதனால் நாடா எந்நேரமும் கையில். 'நாப்பத்தாறு இருக்கா, நாப்பத்தாறு இருக்கா' என்று ஒரு படகிலிருந்து மறு படகுக்குக் கூப்பாடு. இதற்கிடையில் தண்ணீருக்கடியில் மீனைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியின் திரை மூலையிலும் ஒரு 46 இரண்டு நாளும் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளைதான் முதலில் கவனித்தான். "டேய், அளவும் நாப்பத்தாறு, பெட்டியிலயும் நாப்பத்தாறு. ஊருக்குப் போனதும் நாலு நம்பர் லாட்டரில 4646 எழுதணும்." எல்லோரும் சிரித்தோம். அண்ணன் பத்து வெள்ளி தருவதாகச் சொன்னார்.

அந்த 46 தண்ணீரின் வெப்பநிலை, ஃபாரன்ஹீட்டில். நம் கணக்குக்கு 8 டிகிரி செல்சியஸுக்கும் கொஞ்சம் குறைவு. கருவியில் அளவுகோலை மாற்ற இரண்டு பொத்தான் அழுத்தினால் போதும். திரையில் 8 என்று நின்றிருந்தால் யாராவது ஒருவன் கையை விட்டுப் பார்த்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். 46 என்பது எங்கள் காதுக்குச் சூடான எண். எங்களில் யாருக்கும் ஃபாரன்ஹீட் பழக்கமில்லை, காய்ச்சலைக்கூட நாங்கள் 38 என்றுதான் சொல்வோம்.

வெயிலும் ஏமாற்றியது. பகலில் 21 டிகிரி, காற்று குறைவு, டி ஷர்ட் போதும். தொல்லை என்றால் கறுப்பு ஈ மட்டும்தான். ஓடும் தண்ணீரில் பிறந்து வருவதால் மீன் இருக்கும் ஆற்று வாயில்தான் அதுவும் மொய்க்கும். காதுக்குப் பின்னால் கடித்தால் வலி தெரியாது, ரத்தம் வடிந்த பிறகுதான் தெரியும். வலைத்தொப்பி, மருந்து, வெளிர் நிறச் சட்டை என்று அதற்கு நாங்கள் எடுத்த முன்னெச்சரிக்கையில் பாதியைத் தண்ணீருக்கு எடுத்திருந்தால் இந்த அறிக்கை இருக்காது. கடிக்கிற பூச்சியை மனிதன் மதிக்கிறான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வான். வால்ஐக்கு முள் குறைவு, சதை வெள்ளை. மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு புரட்டி இரும்புச் சட்டியில் பொரித்தோம். இரண்டாம் நாள் அரிசி மூட்டை வந்து சேர்ந்ததும் குழம்பு. புளியைச் சிங்கப்பூரிலிருந்தே கரைத்துக் கெட்டியாகக் காய்ச்சிக் கொண்டு வந்திருந்தார் அண்ணன்.

மூன்றாம் நாள், பிற்பகல் 2:40

தம்பியின் தொப்பியில் சிறு கேமரா மாட்டியிருந்தான். மீன் பிடிப்பதைப் பதிவு செய்ய வைத்தது, எனக்கு நேரக் கணக்காக உதவிற்று. கீழே வரும் நேரங்கள் அதிலிருந்து எடுத்தவை, அண்ணன் விழுந்த கணத்திலிருந்து நிமிடமும் விநாடியுமாக.

அண்ணன் ஒரு வால்ஐயை இழுத்துக்கொண்டிருந்தார். படகுக்கு நான்கு அடி இருக்கும்போது கீழிருந்து ஒரு நார்தர்ன் பைக் வந்து அந்த வால்ஐயைக் குறுக்காகக் கவ்விற்று. இந்தப் பெயரால் வீட்டில் பெரிய குழப்பம், அண்ணன் கனடாவில் பைக் பிடித்தார் என்றால் மோட்டார் சைக்கிள் என்று நினைக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளம் இருக்கும். கவ்வியதை விடாது. அண்ணன் முன்பலகையில் ஏறி நின்றார். தம்பி வலையை எடுத்துக்கொண்டு அதே பக்கம் சாய்ந்தான். படகு ஒருக்களித்தது. பைக் விட்டது. அத்தனை நேரம் வளைந்திருந்த தூண்டில் நிமிர்ந்த வேகத்தில் அண்ணன் பின்னுக்குப் போனார். படகு கவிழவில்லை, அவர் மட்டும் விழுந்தார்.

முதல் 50 விநாடி அவர் எதுவும் செய்யவில்லை. படத்தில் தெரிவது வாய் மட்டும். மூச்சை உள்ளே இழுக்கிறார், இழுக்கிறார், இழுக்கிறார். வெளியே விடும் சத்தமே இல்லை. 40 சுற்று நீந்துகிற மனிதரின் கை தண்ணீரை அறைகிறது. விழுந்த உதையில் படகு தள்ளிப் போயிற்று, காற்றும் அதைக் கொண்டுபோயிற்று.

அதன் பிறகு நீந்தத் தொடங்கினார். நன்றாகவே நீந்தினார். ஆனால் படகு அவரைவிட வேகமாக நகர்ந்தது. தம்பி லைஃப் ஜாக்கெட்டை எறிந்தான். அண்ணனுடைய ஜாக்கெட்தான், முன்பலகையில் குஷனாகப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தது. எதிர்க்காற்றில் எறிந்ததால் பாதியில் விழுந்தது. எறியும் கயிறு 15 மீட்டர் நீளம், எங்கே இருக்கிறது என்று முதல் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அது முன்மூக்கில், மழைக்கோட்டுக்கும் தூண்டில் பெட்டிக்கும் அடியில் இருந்தது. 1:30க்குத் தேட ஆரம்பித்தவன் 2:40க்குக் கைவிட்டு எஞ்சினைக் கிளப்பினான்.

கிளப்பியவன் நேராக அவரிடம் போகவில்லை. சுற்றிக் காற்று வரும் பக்கமாகப் போய், தூரத்திலேயே எஞ்சினை அணைத்து, படகு தானாக அவர் மேல் மிதந்து வரும்படி விட்டான். எஞ்சின் விசிறி அருகே போகக் கூடாது என்பதற்காக. 26 வயதில், தனியாக, அந்த நிமிடத்தில். நான் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன், அந்த முடிவில் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

4:10. துடுப்பை நீட்டினான். அண்ணனின் கை அதன் மேல் வந்து விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை. படத்தை நிறுத்திப் பார்த்தால் ஐந்து விரலும் விறைத்து, மரப்பலகை மேல் வைத்த கையுறை மாதிரி. தம்பி படகின் விளிம்பில் குப்புறப் படுத்துச் சட்டைக் காலரைப் பிடித்தான்.

நாங்கள் 300 மீட்டர் தள்ளி இருந்தோம். சத்தம் கேட்டுக் கிளம்பி 5 நிமிட வாக்கில் சேர்ந்தோம். இரண்டு முறை தூக்கிப் பார்த்தோம். 92 கிலோ, நனைந்த ஜீன்ஸ். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. மூன்றாம் முறை முயன்றிருந்தால் நால்வரும் உள்ளே போயிருப்போம். அண்ணனை இரண்டு படகுக்கும் நடுவில் வைத்து, ஒரு பக்கம் தம்பி காலரையும் மறுபக்கம் நான் பெல்ட்டையும் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை நடை வேகத்தில் 60 மீட்டர் தள்ளியிருந்த பாறைக்கு ஓட்டினான். பஸ் ஓட்டுகிறவனுக்கு அந்த நிதானம் வாய்த்திருந்தது. 11:20க்கு அவர் முதுகு பாறையில் பட்டது.

கரையில்

அண்ணன் எழ முயன்றார். தம்பி சொன்னான்: "அண்ணே, படுங்க. எழுந்திருக்கக் கூடாது." அந்தக் குரலில் அவன் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. படுத்தார்.

குளிரில் விறைத்தவரை உடனே நடக்க விடக் கூடாது. கைகால்களில் தங்கிய குளிர்ந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும்போது இதயத்துக்கு ஆபத்து. தேய்த்துவிடவும் கூடாது. நானும் மாப்பிள்ளையும் பாதத்தைத் தேய்க்கப் போனோம், தம்பி கையைத் தட்டிவிட்டான். ஈரத் துணியை வெட்டி எடுத்தான். எங்கள் சட்டைகள், மழைக்கோட்டுகள் எல்லாம் அவர் மேல். நெருப்பு மூட்டினோம். பல் கிட்டித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்குப் பயம், தம்பிக்கு நிம்மதி. நடுக்கம் இருக்கிறவரை உடம்பு தானே சூடு உண்டாக்குகிறது, நின்றுவிட்டால்தான் கவலை என்றான். விஸ்கி கேட்டார். தரவில்லை. மது தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் சூட்டைக் கரைத்துவிடும். பேச்சு தெளிந்து, கோப்பையைத் தானே பிடிக்கிற அளவு வந்த பிறகு மைலோ கொடுத்தோம். சர்க்கரை அதிகம் போட்டு.

செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி கேபினில் சார்ஜில் கிடந்தது. படகில் 25 நிமிட தூரம். கைபேசி எடுக்காத ஊரில் வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு அது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் சுவரில் மாட்டியிருந்தோம்.

கேபினுக்கு வந்து செய்தி அனுப்பியதும் நிறுவனத்திலிருந்து பதில் உடனே வந்தது. நடுங்குகிறாரா, பேச்சு தெளிவா, நெஞ்சு வலியா என்று மூன்று கேள்வி. இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கிறது, வேண்டுமானால் இப்போதே விமானம் அனுப்புகிறோம் என்றார்கள். அண்ணன், "வேணாம் லா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். நாங்கள் வேண்டாம் என்று பதில் போட்டோம்.

பட்டறையில் இதே காரியத்தை ஒரு மேற்பார்வையாளர் செய்திருந்தால் அவரை என் அறைக்குக் கூப்பிட்டிருப்பேன். விபத்தில் பட்டவனை மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பட்டவனிடம் கேட்பது எங்கே உள்ள வழக்கம்? குளிர் யோசிக்கும் புத்தியையும் மங்கவைக்கும். அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் முடிவு சரியாக இருந்ததால் அல்ல.

காரணம்

'கவனக்குறைவு' என்று காரணம் எழுதி வரும் அறிக்கைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கவனக்குறைவு எல்லாருக்கும் எந்நேரமும் உண்டு, அன்று மட்டும் ஏன் அது ஆளைத் தண்ணீரில் தள்ளிற்று என்பதுதான் கேள்வி.

உடம்பில் நடந்தது தெளிவு. குளிர்ந்த நீர் எப்படிக் கொல்கிறது என்பதை மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் தானே பனித் தண்ணீரில் இறங்கிச் சோதித்து உலகுக்குச் சொன்னவர். அவருடைய கணக்கு 1, 10, 1 என்று மூன்று எண். மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கைகால் பயன்படும் 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் திணறலில் தண்ணீரையே மூச்சாக இழுத்துவிடுவோம். அதன் பின் தோலும் விரலும் ரத்தத்தை இழக்கின்றன, நரம்பும் தசையும் குளிர்ந்து கை சொன்ன பேச்சைக் கேட்காது. அண்ணனுக்கு விரல் 4 நிமிடத்திலேயே போயிற்று. 10 என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சுகிறது, 21 டிகிரி வெயிலைப் பார்த்து 8 டிகிரித் தண்ணீரை எடை போட்டது அங்கேதான் பிசகிற்று.

அந்த மூன்றாவது எண்ணைப் பாருங்கள். குளிரால் நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் எங்களைப் போல இரண்டு படகு வந்துவிடும். ஆனால் கைகால் நின்ற பிறகு அந்த ஒரு மணி நேரமும் தலையை மேலே வைத்திருப்பது யார்? ஜாக்கெட்தான். அண்ணனுக்கு அதைத் தம்பியின் வலது கை செய்தது. அவருடைய நீச்சல் அவரைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல மாட்டேன், அந்த முதல் நான்கு நிமிடத்துக்கு அதுதான் காப்பு. அதே நீச்சல்தான் ஜாக்கெட்டைக் குஷனாகவும் ஆக்கிற்று.

ஆனால் என் பேனா நிற்கும் இடம் வேறு. ஜாக்கெட் படகில் இருந்தது. மூன்று நாள், நான்கு பேர். மாப்பிள்ளையும் நானும் பாதி நேரம் போட்டோம். தம்பி எப்போதும் போட்டிருந்தான். அண்ணன் ஒரு முறையும் போடவில்லை. ஏன் யாரும் சொல்லவில்லை?

மாப்பிள்ளையைக் கேட்டேன். "அண்ணன்கிட்ட போய் எப்படிடா சொல்றது" என்றான். தம்பி சிரித்து மழுப்பினான். என்னையே கேட்டுக்கொண்டேன். தினமும் காலை ஏழரைக்கு 40 பேரை நிற்க வைத்து டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலைக்கு முந்திய பாதுகாப்புக் கூட்டம், நடத்துகிறவன் நான். என்னைவிட இருபது வயது மூத்த சீன மேற்பார்வையாளரிடம், ஹார்னஸ் கொக்கியை மாட்டாமல் ஏறாதே என்று சொல்லக் கூச்சப்பட்டதில்லை. அங்கே என் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, சட்டையில் பட்டை இருக்கிறது. ஏரியில் நான் அவரிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்ட 14 வயதுப் பையன். விடுமுறைக்கு வந்த இடத்தில் அண்ணனுக்கு டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்துவதா என்று முதல் நாளே மனத்தில் ஒரு வரி ஓடியது. அதை நான் வெட்கமாக உணரவில்லை. பணிவு என்று நினைத்தேன்.

அந்த விமானிப் பெண்ணோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அரிசியை விட்டுவிட்டு வா என்றாள், விட்டார். மிதவையைக் கட்டு என்றாள், கட்டினார். அவளுக்கு அவர் அண்ணன் இல்லை, 92 கிலோ எடையுள்ள ஒரு பயணி. அண்ணன் சொல் பேச்சு கேட்காதவர் அல்ல, சொன்னால் கேட்கிறவர். நாங்கள்தான் சொல்ல வேண்டியதில்லை என்று எங்களுக்குள் முடிவு கட்டியிருந்தோம். எங்கள் நால்வரில் மருத்துவம் படித்தவனுக்குத்தான் பேச இடம் மிகக் குறைவு. அவன் குரல் எடுபட அண்ணன் தண்ணீரில் விழ வேண்டியிருந்தது.

ஆகவே மூலகாரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது: 'மூத்தவரிடம் பாதுகாப்புப் பற்றிப் பேச யாரும் முன்வரவில்லை.' திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில்: அடுத்த பயணத்தில் படகுக்குப் பொறுப்பாளர் வயதில் இளையவர், கருவிகள் எல்லாம் செல்சியஸில், செய்திக் கருவி ஆள் மேல், கயிறு கண்ணுக்கு முன், ஜாக்கெட் போடாதவர் படகில் ஏறுவதில்லை.

இதைப் போன மாதம் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தேத்தண்ணீர் ஆறிப் போகும்வரை படித்தார். 92 கிலோ இல்லை, 90 என்றார். பைக் ஒரு மீட்டருக்கு மேல் என்றார். பிறகு மூலகாரணம் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது தப்பு. தம்பி சொன்னான். ரெண்டாவது நாள் காலையில, ஆத்து வாய்க்குப் போறப்ப. 'அண்ணே, ஜாக்கெட் போட்டுக்கறீங்களா'ன்னான்."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எஞ்சின் சத்தத்துல கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

தம்பி இதை என்னிடம் சொல்லவே இல்லை. இரண்டு முறை விசாரித்தேன், இரண்டு முறையும் சிரித்தான்.